எண்ணெய்க் கசிவும் இரண்டு வரிப் பதிலும்: பினாங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

எங்கள் கடற்கரையில் எண்ணெய்க் கசிவுக்குப் பொறுப்பான அலுவலகத்தின் அதிகாரிகளுக்கு,

கசிவைச் சமாளிப்பது பற்றி நான் எழுதிய மூன்று பக்கக் கடிதத்துக்கு உங்கள் இரண்டு வரிப் பதில் வந்து சேர்ந்தது. "சாடாங்ஙான் துவான் தெலா டிஅம்பில் மக்லும்" என்பது முதல் வரி. உங்கள் ஆலோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது. இரண்டாவது வரியில் நன்றி. கணினியில் அச்சானதால் கையெழுத்து தேவையில்லை என்று கீழே போட்டிருந்தது.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் போன மாதம் எங்கள் பக்கத்துச் சமூக மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் வைத்தீர்கள். கடைசியில் உங்கள் இளம் அதிகாரி ஒருவர் எழுந்தார். கசிவைத் தடுப்பது பற்றிய யோசனைகளை இனிப் பொதுமக்களிடம் வாங்கப்போவதில்லை, எண்ணெயைக் கண்டால் போன் செய்தால் போதும், மற்றதை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். காரணமும் சொன்னார். மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது லட்சத்துக்கும் மேல் யோசனைகள் குவிந்தனவாம், அத்தனையும் குப்பையாம். மண்டபம் சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. அதனால் இந்தத் தடவை உறைக்குள் போடாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் யார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த், பாகான் டாலாம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் 29 வருடம் எண்ணெய்த் தொங்காங்கில், அதாவது கப்பல்களுக்கு எரிபொருள் கொண்டுபோகும் படகில், பம்ப் ஆள். நங்கூரம் போட்ட கப்பலோடு தொங்காங்கைக் கட்டி, குழாயைப் பூட்டி, எரிபொருள் ஏறி முடியும்வரை வால்வுப் பக்கத்திலேயே நிற்பது என் வேலை. படிப்பு ஐந்தாம் படிவத்தோடு சரி. என் கையாலும் கடலில் எண்ணெய் சிந்தியிருக்கிறது. ஒரு மழை இரவில் குழாய் இணைப்புக்குக் கீழே இருந்த தட்டு நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு வாளிக்கு மேல் இருக்காது. விடிந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. எண்ணெய் எவ்வளவு மெல்லிசாகப் பரவும் என்பதை அன்றைக்குத்தான் படித்தேன்.

சரி, மெக்சிகோ வளைகுடாவுக்கு வருவோம். உங்கள் அதிகாரி தொட்டுவிட்டுப் போன கதையை நான் முழுதாகவே சொல்கிறேன்.

2010 ஏப்ரல் 20 இரவு டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். இரண்டு நாளில் மேடை மூழ்கியது. அதற்குக் கீழே ஏறக்குறைய 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த கிணறு 87 நாள் கக்கிக்கொண்டே இருந்தது. அந்த 87 நாளும் எங்கள் மாமாக் கடையில், அதாவது தேநீர்க் கடையில், சாயங்காலம் ஆனால் ஒரு திட்டம் தயாராகும். ஒருவர் சிமெண்டைக் கொட்டச் சொல்வார். ஒருவர் பழைய கப்பலை அதன் தலையில் இறக்கச் சொல்வார். டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் அணுகுண்டுதான் ஒரே வழி என்பார். தே தாரிக் ஆறும்வரை சிரித்தோம். ஆனால் அது அவர் கற்பனையில் உதித்தது இல்லை. 1966இல் உஸ்பெகிஸ்தானின் உர்த்தா-புலாக்கில் மூன்று வருடமாக எரிந்துகொண்டிருந்த எரிவாயுக் கிணற்றை, பக்கத்தில் சாய்வாகத் துளை போட்டு 30 கிலோடன் அணுகுண்டை வெடித்து சோவியத்துக்காரர்கள் அணைத்திருக்கிறார்கள். அது நிலத்துக்கு அடியில், பாறைக்குள். கடலுக்கு அடியில் அப்படிச் செய்வது வேறு கதை. ஆனாலும் அண்ணனுக்கு அன்றைக்கு நாங்கள் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

நிபுணர்கள் என்ன செய்தார்கள்? முதலில் ஏறக்குறைய 100 டன் எடையுள்ள இரும்புப் பெட்டியைக் கசிவின் மேல் கவிழ்த்தார்கள். அந்த ஆழத்துக் குளிரிலும் அழுத்தத்திலும் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்து, பெட்டியின் வாயை அடைத்துவிட்டன. மே கடைசியில் கனமான சேற்றை அழுத்தி உள்ளே தள்ளிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அதோடு சேர்த்துக் கோல்ஃப் பந்துகளையும் டயர்த் துண்டுகளையும் உள்ளே செலுத்தினார்கள். ஆமாம், கோல்ஃப் பந்து. அதையே எங்கள் மாமாக் கடையில் யாராவது சொல்லி உங்களுக்கு எழுதியிருந்தால் எந்தக் கூடைக்குப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியில் ஜூலை 15 அன்று அதை நிறுத்தியது, உடைந்த குழாயின் தலையில் இறக்கிப் பூட்டிய ஒரு வால்வு அடுக்கு. திறந்து வைத்தபடியே இறக்கினார்கள், பூட்டினார்கள், ஒவ்வொன்றாக மூடினார்கள். பம்பில் நின்ற எவனுக்கும் முதல் நாளே தோன்றுகிற வழி இது. "மேலே இன்னொரு வால்வைப் போடேன்டா" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தியவர்களில் நானும் ஒருவன். அதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று பல மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. கடல் தரைக்குக் கீழே கிணற்றின் உறைக்குழாய் சேதமாகியிருந்தால், மேலே மூடியதும் எண்ணெய் பக்கவாட்டில் பாறையைப் பிளந்துகொண்டு வெளியேறும். அப்புறம் மூடுவதற்கு வாய் என்று ஒன்றே இருக்காது. அதனால்தான் மூடிய பிறகும் அழுத்தமானியைப் பார்த்தபடி நாள் கணக்கில் காத்திருந்தார்கள். நல்ல காரணம். ஐந்தாம் படிவம் படித்தவனுக்கும் புரிகிற காரணம். யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்லவந்தது இதுதான், ஐயா. என் யோசனையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. படித்துப் பாருங்கள். ஆகாது என்றால் ஏன் ஆகாது என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் அதிகாரி விட்டுவிட்டார். அங்கே வந்த 1,20,000க்கும் மேற்பட்ட யோசனைகளை அவர்கள் வாங்கினார்கள். கிணற்றை அடைப்பது, கடலைச் சுத்தம் செய்வது என்று பிரித்தார்கள். ஆள் போட்டுச் சலித்தார்கள். பெரும்பாலானவை கழிந்தன, உண்மைதான். மிகச் சில மட்டும் சோதனைக்குப் போயின. எண்ணெயையும் தண்ணீரையும் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்துக்குப் பல வருடமாகப் பணம் போட்டுவந்த நடிகர் கெவின் காஸ்ட்னரிடமிருந்து 32 இயந்திரங்களை அந்தக் கிணற்றின் சொந்தக்காரரான பிபி நிறுவனமே வாங்கியது. அவை எவ்வளவு உதவின என்று வேறொரு நாள் சண்டை போடலாம். நடிகர் ஆயிற்றே என்று கதவைச் சாத்தவில்லை, அதைத்தான் பார்க்கிறேன்.

வெளி ஆட்களால் நடந்த பெரிய உதவி அடைப்பதிலோ துடைப்பதிலோ இல்லை, கணக்கில் இருந்தது. நாளுக்கு 1,000 பீப்பாய் கசிகிறது என்று முதலில் சொன்னார்கள். பிறகு 5,000 என்றார்கள். மே மாதம் கசிவின் வீடியோ வெளியே வந்ததும், பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் வெரெலி அந்தப் படத்தை வைத்தே கணக்குப் போட்டு 70,000க்குப் பக்கம் இருக்கும் என்றார். பல வாரம் கழித்து அரசாங்கத்தின் குழுவே, தொடக்கத்தில் நாளுக்கு 62,000 பீப்பாய் வந்தது என்று சொல்லவேண்டியதாயிற்று. எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் எந்த அடைப்பைத் தேர்ந்தெடுப்பது? சேற்றை அழுத்தியது ஏன் தோற்றது என்பதற்கே அதில் பாதிப் பதில் இருக்கிறது.

நமக்கு எண்ணெய்க் கிணறு கிடையாதே என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். கிணறுகள் எல்லாம் திரங்கானு, சபா, சரவாக் பக்கம். நம் வாசலில் ஓடுவது மலாக்கா நீரிணை. வருடத்துக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் அதில் போய்வருகின்றன. 1992இல் நாகசாக்கி ஸ்பிரிட் இந்த நீரிணையின் வடக்குப் பக்கத்தில்தான் இன்னொரு கப்பலோடு மோதி எரிந்தது. ஏறக்குறைய 12,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. 1997இல் சிங்கப்பூர் நீரிணையில் எவோய்கோஸ், 28,500 டன். 2010 மே 25 அன்று, மெக்சிகோ வளைகுடாவில் சேற்றை அழுத்தத் தொடங்குவதற்கு முந்தின நாள், அதே சிங்கப்பூர் நீரிணையில் நம் நாட்டுக் கப்பல் புங்கா கெலானா 3 மோதி 2,500 டன் கொட்டியது. அன்றைக்கும் மாமாக் கடையில் மெக்சிகோவைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கத்தில்தான் என் முதல் யோசனை பிறந்தது. அமெரிக்காவில் முடிதிருத்தும் கடைகளில் விழும் முடியைச் சேர்த்துப் பழைய நைலான் காலுறைக்குள் திணித்து, எண்ணெயை உறிஞ்சும் மிதவை செய்கிறார்கள் என்று செய்தியில் பார்த்தேன். எனக்குப் பொறி தட்டியது. பினாங்கில் முடிக்கு என்ன பஞ்சம்? என் பால்ய நண்பன் பட்டர்வொர்த்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலில் எத்தனை தலை மொட்டை! மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்தால் கசிவு வந்த அன்றைக்கு இலவச மிதவை. தமிழனின் பக்தி, கடலுக்குக் காவல். இப்படி அலங்காரமாக ஒரு கடிதம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

நண்பன் இரண்டு சாக்கு முடி கொடுத்தான். வீட்டுக்குப் பின்னால் பெரிய பேசினில் கடல் தண்ணீர் ஊற்றி, மேலே பழைய எஞ்சின் எண்ணெய் விட்டு, மகளின் காலுறைகளில் முடியைத் திணித்துப் போட்டுப் பார்த்தேன். (மகள் இன்னும் அதை மன்னிக்கவில்லை.) எண்ணெயைக் குடித்தது, அழகாகவே குடித்தது. மறுநாள் காலையில் பார்த்தால் காலுறை பேசின் அடியில் கிடக்கிறது. தண்ணீரையும் சேர்த்துக் குடித்துக் கனத்துப் போய், குடித்த எண்ணெயோடு மூழ்கிவிட்டது. கடலில் அப்படி நடந்தால் மேலே மிதந்ததை நானே கூட்டிக்கொண்டுபோய்த் தரையில் படுக்க வைத்தது போல ஆகியிருக்கும். அமெரிக்காவிலும் 2010 பிப்ரவரியிலேயே, அந்த விபத்துக்கு முன்பே, முடி மிதவையையும் வழக்கமான மிதவையையும் பக்கத்தில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். முடி குறைவாக எண்ணெயையும் அதிகமாகத் தண்ணீரையும் எடுத்ததால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இது எனக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து. உங்களில் ஒருவர் அந்த நாலு வரியை எழுதிப் போட்டிருந்தால் என் சாக்கும் மகளின் காலுறையும் தப்பித்திருக்கும்.

இப்போது என் இரண்டாவது கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு வரியில் பதில் போட்டது இதற்குத்தான். இது மாமாக் கடைத் திட்டம் இல்லை.

சென்ற வருடம் ஒரு விடியற்காலையில் எங்கள் பக்கத்து ஆற்று வாய்க்கு வெளியே கறுப்பு எண்ணெய் மிதந்தது. வாசனையிலேயே தெரிந்தது, டீசல் இல்லை, கப்பலின் கனத்த எரிபொருள். டீசல் என்றால் வெயிலில் பாதிக்கு மேல் பறந்துவிடும். இது பறக்காது, அலையில் தண்ணீரோடு குழைந்து மூன்று நான்கு மடங்கு உப்பி, களி மாதிரி ஆகும். உங்களுக்கு போன் செய்தேன். எங்கள் பிரிவு இல்லை என்று வேறு எண் கொடுத்தார்கள். அங்கே இன்னொரு எண். நான்காவது எண்ணில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார், அவருக்கு நன்றி. அவரிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்போது தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது, பத்து மணிக்கு மேல் ஆயர் பாசாங், கடல் ஏற்றம், தொடங்கும், தொடங்கினால் எண்ணெய் ஆற்றுக்குள் ஏறிவிடும், அதற்கு முன்னால் வாயில் மிதவைத் தடுப்பு போடுங்கள்.

உங்கள் ஆட்கள் வந்து சேரும்போது மத்தியானம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிற மிதவையைக் கரைக்குக் கரை நேர்கோடாகக் கட்டினார்கள். சாய்த்துக் கட்டுங்கள் தம்பி, ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றால் பிடிக்காது என்று கரையிலிருந்து கத்தினேன். பாதுகாப்பு நாடாவுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். குறுக்கே நிற்கும் மிதவைக்கு, ஓட்டம் 0.7 நாட் (கடல் வேக அளவு) வேகத்துக்கு மேல் போனால் எண்ணெய் அடியில் நழுவிவிடும். மணிக்கு 1.3 கிலோமீட்டர், கோயிலைச் சுற்றிவரும் பாட்டியின் வேகம். சாய்த்துக் கட்டினால் எண்ணெய் மிதவையோடு வழுக்கி ஒரு கரையில் வந்து சேரும், அங்கே உறிஞ்சி எடுக்கலாம். இது நான் கண்டுபிடித்தது இல்லை, உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கும். எண்ணெய் மிதவைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் கொப்பளித்து எழுவதை நாங்கள் இருபது பேர் நின்று பார்த்தோம். சாயங்காலத்துக்குள் கண்டல் மரங்களின் வேரில் இடுப்புயரத்துக்குக் கறுப்புக் கோடு.

மறுநாள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து, கரை ஓரமாக ஏதோ திரவத்தைத் தெளித்தார்கள். எண்ணெய் மறைந்தது. மறைந்தது என்றால் எங்கே போயிற்று? ஒரு ஆள் ஆழம் இல்லாத தண்ணீரில் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாக உடைத்தால் அது கீழே சேற்றுக்குள்தான் போகும். கெராங் சிப்பி இருப்பது அந்தச் சேற்றில்தான். என்ன திரவம் என்று கேட்டேன். பதில் கிடைக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் கூண்டில் சியாக்காப் மீன் வளர்க்கும் சீனப் பெரியவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாள் காலையிலேயே தெரிந்திருந்தால் கூண்டைச் சுற்றித் தார்ப்பாயைத் தொங்கவிட்டிருப்பேன், இல்லாவிட்டால் கூண்டையே இழுத்துக்கொண்டு போயிருப்பேன் என்றார். அதற்கு அவருக்கு வேண்டியிருந்தது மூன்று மணி நேரமும் ஒரு போன் அழைப்பும்.

இதைத்தான் மூன்று பக்கத்தில் எழுதினேன். எந்த ஏற்றத்தில் எண்ணெய் எங்கே ஏறும், மிதவையைக் கட்டத் தோதான கட்டைகள் எங்கே இருக்கின்றன, எந்த நேரத்தில் எந்தப் படித்துறையில் படகு இறக்கலாம், யாரிடம் தட்டை அடிப் படகு இருக்கிறது என்று. இரண்டாம் பக்கத்தில் கையால் வரைந்த படமும் உண்டு. நிபுணரிடம் இருப்பது எல்லா ஆற்றுக்கும் பொருந்தும் அறிவு. அதை நான் மதிக்கிறேன். எங்களிடம் இருப்பது இந்த ஒரு ஆற்றைப் பற்றியது. கசிவு வரும் அன்றைக்கு இரண்டும் ஒரே படகில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சட்டம் கடுமையாகியிருக்கிறது, தெரியும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை 2024இல் திருத்தி, உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை ஏற்றினீர்கள். நல்லது. ஆனால் எந்தக் கப்பல் கொட்டியது என்று தெரிந்த பிறகுதான் அபராதம். ஆயர் பாசாங் அதுவரை காத்திருக்காது.

ஆகவே கேட்கிறேன்.

மண்டபத்தில் அறிவித்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். கசிவு இல்லாத அமைதியான நாட்களில் யோசனை வாங்குவதற்கென்று ஒரு அதிகாரியை நியமியுங்கள். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுத வழி இருக்கட்டும். வந்த ஒவ்வொன்றுக்கும் 30 நாளில் காரணத்தோடு பதில் போகட்டும், நாலு வரி போதும். கழித்த யோசனைகளையும் கழித்த காரணத்தையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அடுத்த ஆள் முடியைத் திணித்துக்கொண்டு உட்காராமல் இருப்பார், உங்களுக்கும் வேலை மிச்சம்.

அடுத்த கசிவுப் பயிற்சியில் பத்து இடத்தை வெளி ஆட்களுக்கு ஒதுக்குங்கள். படகுக்காரர்கள், கூண்டுக்காரர்கள், கெராங் பொறுக்கும் பெண்கள், தொங்காங்கில் ஓய்வு பெற்றவர்கள். பயிற்சியை ஏற்றம் உச்சத்தில் ஓடும் நேரத்தில் வையுங்கள். தேங்கின தண்ணீரில் எந்த மிதவையும் அழகாகத்தான் நிற்கும். நான்கு எண்ணுக்குப் பதில் ஒரே எண் வேண்டும். கசிவு என்று தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் சுற்றுவட்டாரக் கூண்டுக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் செய்தி போக வேண்டும். சென்ற வருடம் தெளித்தது என்ன திரவம், எவ்வளவு, யார் அனுமதித்தது என்பதை எழுத்தில் தாருங்கள். சுத்தம் செய்ய வரும் கம்பத்து (கிராமத்து)ப் பிள்ளைகளுக்குக் கையுறையும் காலணியும் முகமூடியும் கொடுக்காமல் ஒருவரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். அன்றைக்கு வெறுங்கையால் அள்ளியவர்களை நான் பார்த்தேன்.

கடைசியாக என் கடிதம். அதைத் திருப்பி அனுப்புங்கள். தவறு இருக்கும் இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, ஓரத்தில் ஏன் என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்துப் படத்தில் மேற்குக் கரையில் நான் குறித்த கட்டை இப்போது இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். அதை மட்டும் ஒரு ஆளை அனுப்பி நேரில் பார்த்துவிட்டு எழுதுங்கள். காலை வற்றத்தில் வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பம்ப் ஆள்,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்